காணாமல் போன பன்னிரண்டாவது வருடம்

1

சங்கரன்கோவிலில் என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி போன வாரம் வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். அவளுடைய நாத்தனார் குடும்பம் இங்கே பூச்சோங்கில் இருக்கிறதாம். நாத்தனார் மகனை நம் ஊர்க் கல்லூரியில் சேர்க்க ஆசையாம். "மலேசியாவுல ஸ்கூல் முடிச்ச சர்டிஃபிகேட் இங்க செல்லுமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு, போதும்" என்று எழுதியிருந்தாள்.

'ஆமா' என்று தட்டினேன். அழித்தேன். 'இல்லை' என்று தட்டினேன். அதையும் அழித்தேன். இரண்டுமே பொய்யாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் நடந்ததை முழுக்கச் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. அதனால் இதை எழுதுகிறேன். இதை நம்பி யாரும் விண்ணப்பம் போட்டுவிட வேண்டாம். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர நினைக்கிறீர்களோ அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களிடமே இரண்டு தடவை கேளுங்கள். இரண்டு பதில் வரும்.

முதலில் கணக்கு. இங்கே ஆரம்பப் பள்ளி ஆறு வருடம், இடைநிலைப் பள்ளி ஐந்து வருடம். அதன் முடிவில் எஸ்.பி.எம். என்ற அரசாங்கப் பரீட்சை. ஆறும் ஐந்தும் பதினொன்று. அதற்குப் பிறகு வேண்டுமானால் ஃபார்ம் சிக்ஸ் போகலாம், வேறு முன்தயாரிப்பு வகுப்புகள் போகலாம். நம் ஊரிலோ ப்ளஸ் டூ முடித்தால் பன்னிரண்டு. நடுவில் ஒரு வருடம் இடிக்கிறது. திருமணமாகிக் கிள்ளானுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அந்தக் கணக்கு உறைத்ததில்லை. என் மகள் கயல்விழி ஒரு நாள் வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது.

2

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். என் கணவர் நேசன் கிள்ளான்காரர். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே குடும்பம் இங்கேதான். துறைமுகத்தில் வந்து இறங்கும் கண்டெய்னர்களுக்குத் தாள்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பது அவருக்கு முக்கியமில்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரக்கு. வாழ்க்கையையும் அப்படித்தான் பார்ப்பார்.

கயலுக்குத் தமிழிலும் தமிழ் இலக்கியத்திலும் நல்ல தேர்ச்சி. மற்றவற்றில் பரவாயில்லை. நேசன் கணக்கியல் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரசத்தைக் குடித்துவிட்டுக் கயல் சொன்னாள்: "ப்பா, நான் பி.ஏ. தமிழ் படிக்கப் போறேன். திருநெல்வேலி பக்கம் ஒரு காலேஜ் பாத்து வெச்சிருக்கேன்."

நேசன் அப்பளத்தைக் கீழே வைத்தார். "தமிழ் படிக்க ஃபாரின் போறியா?"

"அது ஃபாரின் இல்லப்பா. அம்மா ஊரு."

"உனக்கு விசா வேணுமா, வேணாமா?"

"வேணும்."

"அப்ப ஃபாரின்தான் லா." இங்கே எந்தப் பேச்சின் வாலிலும் அந்த 'லா' தொங்கும்.

என் சிநேகிதிகளின் பிள்ளைகள் ஆஸ்திரேலியா என்கிறார்கள், அயர்லாந்து என்கிறார்கள். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போவார்கள் என்று எல்லாரும் எச்சரித்திருந்தார்கள். நான் கிளம்பி வந்த திசையிலேயே ஒருத்தி விலகிப் போவாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ப்ளஸ் டூ முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். திருநெல்வேலிக் கல்லூரிகளை நான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

"மோர் இருக்கா அண்ணே?" என்று நேசன் பரிமாறுபவரைக் கேட்டார். அவர் சம்மதம் சொல்லும் விதம் அதுதான். மறுப்பு இருந்தால் மோர் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்.

3

அங்கே அலைவதற்கு என் தம்பி சங்கரன் இருந்தான். கயலின் சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனான். வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் அது நம் ப்ளஸ் டூவுக்குச் சமம்தான் என்று ஓர் இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவுக்கு ஒரு மேடம் இருக்கிறார்.

சங்கரன் வீடியோவில் வந்தான். "எக்கா, மேடம் உன்கிட்டயே பேசணுங்காங்க."

மேடம் திரையில் வந்தார். கண்ணியமான முகம். கண்ணாடியை இறக்கி நகலைப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஒரிஜினலோட காப்பிதானா?"

"ஆமாங்க மேடம். அரசாங்கம் கொடுத்தது."

"பின்ன ஏன் இத்தனை ஸ்பெல்லிங் மிஸ்டேக்? சயின்ஸுக்கு எஸ், ஏ, ஐ, என், எஸ்னு போட்டிருக்கு. மேத்தமேட்டிக்ஸ்ல கடைசி எஸ்ஸே இல்ல. ஒரு கவர்மெண்ட் இப்படித் தப்பு விடுமா?"

"அது மலாய் மொழிங்க. அவங்க அப்படித்தான் எழுதுவாங்க."

"ஏன், சயின்ஸுக்கு அவங்க மொழியில சொந்தமா ஒரு வார்த்தை கிடையாதா?"

பேச்சுக்குப் பேச்சு சயின்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்த அவரிடம் நான் என்ன சொல்ல?

"சரி, பொண்ணு பேர்ல நடுவுல ஏ.பி.ன்னு இருக்கே. ஆந்திராக்காரங்களா நீங்க?"

"இல்லைங்க. அனாக் பெரெம்புவான். இன்னாரோட மகள்னு அர்த்தம். இங்க எல்லாப் பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் போடுவாங்க."

"ஓ." எழுதிக்கொண்டார். "பி.ஏ. தமிழ் கேட்டிருக்கீங்க. ஆனா தமிழ் படிச்ச மாதிரியே தெரியலையே."

"இருக்கு மேடம். பஹாசா தமிழ்னு ஒரு வரி இருக்கும், பாருங்க."

"அதைப் பாத்தேன். பாஷா தமிழ்னா எந்தத் தமிழ்? நம்ம தமிழா, இல்ல அங்க வேற தமிழ் இருக்கா?"

"தமிழ் ஒண்ணுதானங்க மேடம்."

"அதை நீங்க சொல்லி என்ன பிரயோஜனம்? தாள்ல இருக்கணும்."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேசன் முதல் தடவையாக அந்த மேடத்தின் மேல் மரியாதை வந்தவராகத் தலையாட்டினார்.

கடைசியில்தான் உண்மையான இடி விழுந்தது. மேடம் பேனாவால் வருடங்களை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். "பதினொண்ணுதான் வருது. ஒரு வருஷத்தைக் காணோமே?"

"இங்க அவ்வளவுதாங்க."

"அப்ப ஃபார்ம் சிக்ஸோ என்னவோ இருக்காமே, அதை முடிச்சிட்டு வரச் சொல்லுங்க. இல்லன்னா பன்னெண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போனதுக்கு ஆதாரம் குடுங்க. கமிட்டில வெச்சுப் பாக்கலாம்."

4

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்த ஒரு வருடத்தைத் தேட ஆரம்பித்தோம். கண்ணாடியைத் தொலைத்தவர்கள் மெத்தைக்கு அடியில் தேடுகிற மாதிரி.

முதலில் நேசன் பாலர் பள்ளியைக் கண்டெடுத்தார். "தடிகா போனாள்ல? அதுக்கு டிப்ளோமா குடுத்து, தொப்பி எல்லாம் போட்டு போட்டோ எடுத்தாங்க. அதைக் காட்டு." காட்டினோம். மேடம் சிரித்துவிட்டார். "எல்.கே.ஜி. எல்லாம் கணக்குல வராதும்மா. அதைச் சேர்த்தா எங்க பிள்ளைங்க எல்லாம் பதினாலு வருஷம் படிச்சதுங்க."

கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று நேசன் எச்சரித்தார். இருக்கிற பதினொன்றிலும் கையை வைத்துவிடுவார்கள் என்று பயம்.

அன்று மாலை அவர் டீ கிளாஸோடு பால்கனியில் நின்றவர், திடீரென்று உள்ளே வந்தார். "ரிமூவ்!" என்றார். "கோமதி, ரிமூவ் லா! கயல் ரிமூவ் படிச்சாளே!"

கயல் சோபாவிலிருந்து எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே தமிழ்ப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ ஆறாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைக்கு மலாயில் போதுமான தேர்ச்சி இல்லையென்றால், இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் முதலாம் படிவத்தில், அதாவது ஃபார்ம் ஒன்னில், உட்கார முடியாது. ஒரு வருடம் தனி வகுப்பில் மலாய் படித்துவிட்டுத்தான் மேலே போகலாம். மலாயில் அதற்குப் பெயர் 'கெலாஸ் பெராலிஹான்'. மாறிப் போகிற வகுப்பு. ஆனால் பழைய ஆங்கிலப் பெயர்தான் எல்லார் வாயிலும் இருக்கிறது. ரிமூவ் கிளாஸ்.

கயல் அந்த வகுப்புக்குப் போனாள். அவளோடு தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் நேராக முதலாம் படிவம் போனார்கள். ஒரே சீருடை, ஒரே சிற்றுண்டிச் சாலை, ஆனால் கட்டடம் வேறு. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்று தலையைத் திருப்பிக்கொள்கிறாள் என்று முதல் வாரத்தில் ஒரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வருடத்தைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. குடும்ப விசேஷங்களில் யாராவது "இப்ப எத்தனாவது படிவம்?" என்று கேட்டால், பேச்சை மாற்றுவதில் மூவருமே கெட்டிக்காரர்கள் ஆகியிருந்தோம்.

நேசன் கதவுக்கு வெளியே நின்றார். "ஆறு, ஒண்ணு, அஞ்சு. பன்னெண்டு! கணக்கு சரியா வருது, கயல்!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது படிச்ச வருஷம் இல்லப்பா. ஃபெயிலான வருஷம்."

"ஃபெயிலோ பாஸோ, வருஷம் வருஷம்தானே. கண்டெய்னர் காலியா வந்தாலும் கண்டெய்னர்தான் லா."

இதைவிட மோசமான ஆறுதலை ஒரு தகப்பன் சொல்ல முடியாது. நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பிறகு நான் போய்த் தட்டினேன். கதவு திறக்கவில்லை. "ம்மா, நான் தமிழ் படிக்கப் போறேன்னு சொன்னதும் எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? மலாய் வரல, அதான் தமிழுக்கு ஓடுறாங்கறாங்க. இப்ப அதையே எழுதி, சீல் குத்தி, இந்தியாவுக்கு அனுப்பணுமா?"

"வேணாம்னா விட்டுரு. ஃபார்ம் சிக்ஸ் போ."

நானும் நின்றுகொண்டே இருக்க முடியாமல், மாவு கரைக்கப் போய்விட்டேன்.

காலையில் அவளே வந்தாள். தலை பின்னி, கிளம்பத் தயாராக. "ஸ்கூலுக்குப் போலாம். லெட்டர் நானே கேக்குறேன். நீங்க வரலாம், ஆனா மலாய்ல பேசக்கூடாது."

என் மலாய் அப்படி. ஒரு தடவை பாசாரில் கோழிக்காரரிடம் கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டச் சொல்வதாக நினைத்து, சின்னச் சின்ன வெட்டுக்கத்தியைக் கேட்டிருக்கிறேன். அவரும் பொறுமையாகத் தன் கத்தியைக் காட்டி, இது ஒன்றுதான் இருக்கிறது என்றார்.

5

பள்ளி அலுவலகத்தில் ரொஹானா என்ற அம்மா இருந்தார். மேசை மேல் குரோட்டன்ஸ் தொட்டி, பக்கத்தில் பாதி சாப்பிட்ட கறிபஃப். கயல் மலாயில் விஷயத்தைச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு சிரித்த முகமாக நின்றேன்.

ரொஹானாவுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். பிறகு சக ஊழியரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் எழுந்து வந்து கயலைப் பார்த்தார். ரொஹானா சொன்னதைத் திரும்பும் வழியில் கயல் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்: "பெராலிஹான்ல படிச்சதை யாருக்கும் தெரியாம மறைக்கணும்னு கேட்டு வர்றவங்களைப் பாத்திருக்கேன். அதுக்கு லெட்டர் வேணும்னு வந்த முதல் ஆளு நீதான்."

அந்த வகுப்புக்குப் பொதுப் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாததால் சான்றிதழும் கிடையாது. சான்றிதழ் இல்லாத ஒன்று நடந்தது என்று எப்படி எழுதுவது என்று அவர்களுக்குக் குழப்பம். தலைமையாசிரியை வந்தார். வருகைப் பதிவைத் தேடினார்கள். கயல் அந்த வருடம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு நாள் காலையும் 'இன்னைக்கு வேணாம்மா' என்று சொல்வாளோ என்று நான் பயந்தபடியே ஆப்பம் ஊற்றியது ஞாபகம் வந்தது. அவள் ஒரு நாளும் சொல்லவில்லை.

கடிதத்தைக் கொடுக்கும்போது ரொஹானா கயலின் கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னார்.

"என்னடி சொன்னாங்க?"

"இவ்வளவு அழகா மலாய் பேசுற, உன்னை எதுக்கு ரிமூவ்ல போட்டாங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ரிமூவ்ல போட்டதாலதான் பேசுறேன்னு சொன்னேன்."

6

கடிதம் மலாயில். அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, சான்று வாங்க வேண்டும். அடுத்த நாள் நானும் கயலும் கொமுட்டர் ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். பூமாலைக் கடைக்கு மேலே, மாடியில், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் தேவா. மல்லிகை வாசனை படியேறி வந்து அவர் மேசை மேல் உட்கார்ந்திருந்தது.

"ஆன்டி, ஒக்காருங்க. பசியாறிட்டிங்களா?" என்றவர் தாளைப் பார்த்தார். பஹாசா தமிழை 'தமிழ் மொழி' என்று ஆங்கிலத்தில் ஆக்கினார். சயின்ஸின் எழுத்துகளைச் சரி செய்தார். ஏ.பி.க்குக் கீழே ஒரு குறிப்புப் போட்டு ஆந்திராவிலிருந்து எங்களை மீட்டார். கெலாஸ் பெராலிஹானுக்கு 'ரிமூவ் கிளாஸ்' என்று அடித்தார்.

எல்லாம் போய்ச் சேர்ந்த மறுநாள் சங்கரன் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

"எக்கா, கயலு ஸ்கூல்ல ஏதும் பிரச்சினை பண்ணிட்டாளா? எங்கிட்ட மறைக்காதீங்க. நான் அத்தான்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

"என்னடா உளறுற?"

"மேடம் கூப்பிட்டு விட்டாங்க. பிள்ளையை ஒரு வருஷம் ஸ்கூல்ல இருந்து ரிமூவ் பண்ணியிருக்காங்களே, என்ன காரணம்னு கேக்காங்க. நன்னடத்தைச் சான்றிதழ் வேணுமாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காணாமல் போன வருடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். இப்போது அதுவே அவளைப் பள்ளியைவிட்டுத் துரத்திய வருடமாக ஆகிவிட்டது.

மறுபடியும் மல்லிகைப் படி. தேவா கையை விரித்தார். "வெள்ளைக்காரன் வெச்ச பேரு ஆன்டி. நான் மாத்துனா தப்பான மொழிபெயர்ப்புன்னு என் லைசென்ஸ்க்கு வந்துரும். வேணும்னா தகப்பனார் ஒரு சத்தியப் பிரமாணம் குடுக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை நேசன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, பிரமாணம் வாங்குகிற அதிகாரி முன்னால் நின்றார். தேவா எழுதிக் கொடுத்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'என் மகள் ரிமூவ் வகுப்பில் சேர்க்கப்பட்டாள் என்றும், அவள் எந்த வகுப்பிலிருந்தும் ரிமூவ் செய்யப்படவில்லை என்றும், ரிமூவ் வகுப்பிலிருந்து முதலாம் படிவத்துக்குச் சென்றதும் ரிமூவ் செய்யப்பட்டதாகாது என்றும் மனசாட்சிப்படி உறுதி கூறுகிறேன்.'

அதிகாரி ஒரு சீன முதியவர். படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "பாஸ், இது உண்மைதானா?" என்று மட்டும் கேட்டார்.

"உண்மை," என்றார் நேசன். முத்திரை விழுந்தது. எங்கள் கல்யாணப் பதிவுக்குக்கூட அவர் இவ்வளவு விறைப்பாக நின்று நான் பார்த்ததில்லை.

7

கமிட்டி நேரில் பேச வேண்டும் என்றது. நேரில் என்றால் கம்ப்யூட்டரில். கயல் பச்சைப் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டாள். நான் கேமராவில் தெரியாதபடி சமையலறை ஸ்டூலைப் போட்டு ஓரமாக உட்கார்ந்தேன். நேசன் துறைமுகத்துக்குப் போய்விட்டார். ஆனால் கால் மணிக்கு ஒரு தடவை 'முடிஞ்சதா' என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

திரையில் மூன்று பேர். நமது மேடம், நிர்வாகத்திலிருந்து ஓர் ஐயா, தமிழ்த் துறையிலிருந்து ஒரு பேராசிரியை. தமிழ் படிக்க வந்த பெண்ணிடம் நிர்வாக ஐயா ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கயல் தமிழில் பதில் சொன்னாள். அவர் அடுத்த கேள்வியையும் ஆங்கிலத்திலேயே கேட்டார். இப்படியே கொஞ்ச நேரம் போனது.

பிறகு அவர் அந்தக் கேள்விக்கு வந்தார். இந்த ரிமூவ் வருடத்தில் என்ன பாடத்திட்டம், அந்த வருடத்தில் நீ என்னதான் கற்றாய் என்று கேட்டார்.

கயல் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"மலாய்தான் சார், பெரும்பாலும். ஆனா எனக்குத் தமிழ் இலக்கணம் புரிஞ்சது அந்த வருஷம்தான்."

பேராசிரியை நிமிர்ந்தார். "அது எப்படி?" என்று தமிழில் கேட்டார்.

"லீவுல என்ன செஞ்சீங்கன்னு மலாய்ல கட்டுரை எழுதச் சொன்னாங்க மேடம். நான் அப்பதான் சங்கரன்கோவில் தாத்தா வீட்டுக்குப் போயிட்டு வந்திருந்தேன். தாத்தாவோடு சாப்பிட்டேன்னு எழுதணும். சாயான்னா நான். மாக்கான்னா சாப்பிடுறது. டத்தோக்னா தாத்தா. சாயா மாக்கான் டத்தோக்னு எழுதிட்டேன். அப்புறம் டத்தோக் பின்னாடி 'ஓடு' மாதிரி ஏதாச்சும் ஒட்டணுமேன்னு பாத்தேன். ஒட்டுறதுக்கு ஒண்ணும் கிடைக்கல. முற்றுப்புள்ளி வெச்சிட்டேன்."

"அப்ப என்ன பொருள் வரும்?"

"தாத்தாவைச் சாப்பிட்டேன்னு வரும் மேடம்."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மலாய்ல அது ஒட்டிக்கிட்டு வராது. தனிச் சொல். டெங்கான்னு முன்னாடியே வந்து நிக்கணும். எனக்குத் தெரியல. பக்கத்துல ஒரு சீனப் பிள்ளை இருந்தா, மெய் யீ. எனக்கு நல்லா வரும்னு நம்பி அதை அப்படியே பாத்து எழுதிட்டா. டீச்சர் ரெண்டையும் சத்தமா வாசிச்சாங்க. ரெண்டு பேர் சேர்ந்து ஒரே தாத்தாவைச் சாப்பிட்டிருக்கோம். கிளாஸே சிரிச்சது. நான் டாய்லெட்ல போய் அழுதேன்."

நிர்வாக ஐயா சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"வீட்டுக்கு வந்து தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். வேற்றுமை உருபுன்னு ஆறு வருஷமா மனப்பாடம் பண்ணியிருக்கேன். எதுக்குன்னே தெரியாது. ஒரே ஒரு 'ஓடு' இல்லன்னா தாத்தாவே போயிடுவாருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் எதைப் படிச்சாலும் எது எதோட ஒட்டியிருக்குன்னுதான் பாப்பேன். அதான் தமிழ் படிக்கணும்னு ஆசை."

அந்தக் கதை எனக்கும் அப்போதுதான் தெரியும். அவள் அழுதுவிட்டு வந்த அன்று நான் என்ன சமைத்திருப்பேன், என்ன கேட்டிருப்பேன் என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த வருடத்தைக் காலிக் கண்டெய்னர் என்றுதான் நானும் நேசனும் நினைத்திருந்தோம்.

பேராசிரியை, "மூன்றாம் வேற்றுமைக்கு வேறென்ன உருபு?" என்று கேட்டார்.

"ஆல், ஆன், ஒடு."

"அதில் எதுவும் தாத்தாவைக் காப்பாற்றுமா?"

கயல் யோசித்தாள். "ஒடு காப்பாத்தும் மேடம். ஆல் வந்தா தாத்தாவால சாப்பிட்டேன்னு ஆயிடும். அதுவும் உண்மைதான். அவர்தான் வாங்கிக் குடுத்தார்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நிர்வாக ஐயாதான் தமிழில் பேசினார் இப்போது. "பெற்றோர் யாராவது இருக்காங்களா?"

நான் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அம்மா, பொண்ணு நல்லா பேசுறா. பிறந்து வளர்ந்தது மலேசியான்னா நம்பவே முடியல. நீங்க எந்த ஊரும்மா? உங்களுக்கும் அங்கேயேதானா?"

"ஐயோ, இல்ல லா சார்," என்றேன். வாயிலிருந்து விழுந்த 'லா'வைப் பிடிக்க முடியவில்லை. "நான் சங்கரன்கோவில்."

"அப்படியா?" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

8

உத்தரவு வந்தது. அதன் தமிழ் எங்கள் வீட்டில் யாருக்குமே முதல் வாசிப்பில் புரியவில்லை. கயல்தான் உரக்கப் படித்து எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பிரித்துச் சொன்னாள். விண்ணப்பதாரர் பயின்ற மாறுநிலை வகுப்பு ஓராண்டையும் கணக்கில் கொண்டு, மொத்தப் பள்ளிக் கல்வி பன்னிரண்டு ஆண்டுகள் என ஏற்று, சிறப்பு நேர்வாகக் கருதி, இதனை எவ்விதத்திலும் முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது என்ற நிபந்தனையோடு, சேர்க்கைக்குத் தகுதி வழங்கப்படுகிறது.

அதாவது, கயலுக்குச் செல்லும். அடுத்து வருகிற பிள்ளைக்குச் செல்லுமா என்பது அடுத்து வருகிற கமிட்டிக்கு. என் தோழிக்கு நான் ஒற்றை வார்த்தையில் பதில் எழுத முடியாததற்கு இதுதான் காரணம். அவளுடைய நாத்தனார் மகன் நேராக முதலாம் படிவம் போன கெட்டிக்காரப் பையனாம். பாவம்.

நேசன் உத்தரவை நகல் எடுத்துக் கண்டெய்னர் தாள்களோடு கோப்பில் வைத்தார். "நல்ல டாக்குமெண்ட் லா இது," என்றார். பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

கயல் இப்போது அங்கே விடுதியில் இருக்கிறாள். சாப்பிட்டாயா என்பதற்குப் பதில், இங்கே பழகியபடி 'பசியாறிட்டியா' என்று தோழிகளைக் கேட்டால் அவர்கள் விழிக்கிறார்களாம். ஆனால் ஒரே மாதத்தில் இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி என் அப்பா வீட்டுக்குப் போகிறாள். போன ஞாயிறு அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அப்பா எண்பதைத் தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம். கயல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுரைக் கதையை முழுக்க, சத்தமாக, அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கிள்ளானில் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. ரொம்பக் கவனமாகக் கேட்டார்.

"ரெண்டு பேருமா சாப்பிட்டிய?"

"ஆமா தாத்தா."

"அந்தச் சீனப் பிள்ளையுமா?"

"அவளும்தான்."

அப்பா கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "அதான பாத்தேன்," என்றார். "அந்த வருசம் பூரா இடுப்புக்குக் கீழ ஒரே கொடைச்சலு. டாக்டர் வாயுன்னான். எங்கிட்டு வாயு!"